அம்பு தைத்த இடம்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பின் உடலில் தைத்து நின்றதாக வன்பரணர் பாடிய செய்தி புறநானூற்றின் 152ஆம் பாடலில் உள்ளது. பாடலைப் படிப்போர் பெரும்பாலும் வில்லின் வலிமையை வியந்து நின்றுவிடுகின்றனர். அம்பு சென்ற வழியை உடல் உடலாக, வரிசை மாறாமல், கடைசியாகத் தைத்த இடம் வரையில் புலவர் சொல்லிச் செல்லும் ஒழுங்கு அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. ஒரு சர்வரின் உள்ளே தனித்தனியாகப் பிரித்து வைக்கப்பட்ட மென்பொருள் சூழல்களில் ஒன்றிலிருந்து புறப்பட்ட தரவு வெளியுலகை எட்டாமல் நடுவழியில் நின்றுபோகும்போது, அதைச் சரிசெய்ய அமர்பவருக்கு வேண்டியது இந்த ஒழுங்குதான். அத்தரவும் ஐந்து இடங்களைக் கடந்தாக வேண்டும். அது எதில் தைத்து நின்றது என்று கண்டுபிடிப்பதே பழுதுநீக்கலின் பெரும்பகுதி, பிறகு செய்ய வேண்டியது பலநேரம் ஒரு வரி ஆணைதான்.

இதைக் கொல்லிமலையில் வைத்துப் பேசுவதற்குப் பழம்பாடல் மட்டும் காரணமன்று. நாமக்கல் மாவட்டத்தில் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் இம்மலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதைச் சுற்றுலா வருவோர் எல்லாரும் அறிவர். வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு என்று நாடுகளின் பெயரையே தாங்கிய 14 ஊராட்சிகள் மேலே இருக்கின்றன என்பதும், அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் இன்று கணினித் திரையையே நம்பியிருக்கிறார்கள் என்பதும் அந்த அளவுக்கு அறியப்படவில்லை. ஊராட்சிதோறும் ஒளியிழைக் கம்பி கொண்டுசெல்லும் மத்திய அரசின் திட்டம் 2011இல் ஒப்புதல் பெற்றுப் பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறியது. அதைத் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளிலும் நிறைவேற்றுவதற்காக 2018இல் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் தொடங்கப்பட்டது. ஆனால் எந்தத் திட்டமானாலும் மலைக்கு ஏறும் கம்பிக்குக் காடும் மழையும் மண்சரிவும் உண்டு. ஒரு மரம் சாய்ந்தால் ஒரு நாள் போய்விடும். ஆகவே மலைப்பகுதிகளில் இணையத்தை மட்டும் நம்பாமல், பாடங்களையும், கிவிக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளின் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவின் முழுப் பிரதியையும் உள்ளூரிலேயே ஒரு சர்வரில் வைத்துக்கொள்வது அறிவுடைய ஏற்பாடு. மலைமேல் உள்ள செம்மேட்டுப் பள்ளி ஒன்றில் அப்படியொரு சர்வர் இருப்பதாகவும், விலை கருதி அந்த ஒரே கணினி பல வேலைகளைச் சுமப்பதாகவும் வைத்துக்கொண்டால், இக்கட்டுரை பேசும் சிக்கல் அங்கு எப்போது வேண்டுமானாலும் எழலாம்.

ஒரே கணினியில் பல வேலைகளை ஒன்றையொன்று தொடாமல் ஓடவிடும் எண்ணம் பழையது. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே ஒரு நிரலுக்குக் கோப்புகளின் ஒரு பகுதியை மட்டும் காட்டி மற்றவற்றை மறைக்கும் வசதி இடம்பெற்றது. 2000ஆம் ஆண்டில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் பௌல்-ஹென்னிங் காம்ப் உருவாக்கிய ‘ஜெயில்’ அதை விரிவாக்கி, உள்ளே இருப்பவர் நிர்வாகியின் முழு அதிகாரம் பெற்றவரானாலும் வெளியே உள்ள கணினியைத் தொட முடியாதவாறு செய்தது. லினக்ஸ் கர்னலில், அதாவது வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் நடத்தும் மையப் பகுதியில், நெட்வொர்க்கைத் தனியாகப் பிரிக்கும் பெயர்வெளி என்ற வசதி 2008இல் வந்த 2.6.24ஆம் பதிப்பிலிருந்து சேரத் தொடங்கியது. அதன்மேல் இத்தகைய தனிச்சூழல்களை அமைத்து நடத்தும் மென்பொருள்களான எல்எக்ஸ்சியும், 2013இல் டாக்கரும் எழுந்தன. பெயர்வெளி என்பது ஒரு நிரல்கூட்டத்துக்கென்று தனி நெட்வொர்க் முகங்களையும் தனி முகவரிகளையும் தனி வழிப்பட்டியலையும் கர்னல் ஒதுக்கித் தருவதாகும். அவ்வாறு ஒதுக்கப்பட்ட சூழலையே இன்று கன்டெய்னர் என்று எல்லாரும் அழைக்கின்றனர். புதிதாகப் பிறக்கும் பெயர்வெளியில் வெளியுலகத் தொடர்பு எதுவும் இருக்காது என்பதை இவ்விடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். தனிமைதான் அதன் இயல்பு. தொடர்பு ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வேண்டுமென்றே அமைத்துக் கொடுத்தது. ‘ஏன் இணைப்பு அறுந்தது’ என்ற கேள்வியோடு தொடங்குபவர் திகைத்துப் போவதும், ‘இணைப்பு எவையெவற்றால் அமைந்திருந்தது, அவற்றில் இப்போது எது இல்லை’ என்று கேட்பவர் விரைவில் விடையை அடைவதும் இதனால்தான்.

அவ்வாறு அமைக்கப்படும் வழி பொதுவாக இப்படி இருக்கும். கன்டெய்னரின் உள்ளே ஒரு மெய்நிகர் முகமும் வெளியே சர்வரின் பக்கத்தில் அதன் இணைமுகமும் ஒன்றாகவே பிறக்கின்றன. ஒன்றில் இட்டது மற்றொன்றில் வெளிவரும். வெளிப்பக்கத்து முகங்கள் எல்லாம் பிரிட்ஜ் எனப்படும் மென்பொருள் ஸ்விட்ச் ஒன்றில் சேர்கின்றன. பிரிட்ஜுக்கு வந்த பாக்கெட்டை, அதாவது முகவரி எழுதிய சிறு தரவுத் துண்டை, சர்வர் தன்னுடையதன்று என்று தள்ளிவிடாமல் அடுத்த முகத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும். இதற்கு ஃபார்வர்டிங் என்று பெயர், லினக்ஸில் இது இயல்பாக அணைந்தே இருக்கும். அந்த இடத்திலேயே ஃபயர்வால் விதிகளும் அதைச் சோதிக்கின்றன. பிறகு, கன்டெய்னரின் முகவரி 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 உள்வளாகங்களுக்கென ஒதுக்கிய எண்வரிசையைச் சேர்ந்ததாதலால், இணையத்தில் செல்லத்தக்க முகவரியாக அதை மாற்றியாக வேண்டும். இது நாட் எனப்படும் முகவரி மாற்றம். கடைசியாகத்தான் உண்மையான கம்பி பொருந்திய முகமும், அதற்கு அப்பால் மலையிறங்கும் இணைப்பும். மறுமொழி இதே வழியில் தலைகீழாகத் திரும்பி வர வேண்டும். அம்பு திரும்புவதில்லை, பாக்கெட்டின் பயணமோ திரும்பி வந்தால்தான் முடியும். ஓரியின் வேட்டையோடு இதை ஒப்பிடுவது இந்த எல்லையோடு நிற்கிறது.

கோளாறு என்றதும் கை முதலில் போவது பிங் ஆணைக்குத்தான். 1983 டிசம்பரில் மைக் மியூஸ் என்ற அமெரிக்க நிரலர் எழுதிய இச்சிறு நிரல் எதிரில் உள்ள கணினியைக் கூவி அழைத்து மறுகுரலுக்குக் காத்திருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இதற்கு ஈடான முதற்சோதனை இல்லை. ஆயினும் பிங் பேசாமல் இருப்பது இணைப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது. பிங் பயன்படுத்தும் வகைப் பாக்கெட்டை மட்டும் வழியில் எவரேனும் தடுத்திருக்கலாம். கன்டெய்னருக்கு அவ்வகைப் பாக்கெட்டை உருவாக்கும் உரிமையே தரப்படாமலும் இருக்கலாம். பிங் வெற்றி பெறுவதும் எல்லாம் சரி என்பதற்குச் சான்றன்று என்பது பின்னால் தெரியவரும்.

உண்மையில் கண்ணைத் திறந்து காட்டும் கருவி, 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரஸ், ஸ்டீவன் மெக்கேன் ஆகியோர் உருவாக்கிய டிசிபிடம்ப். ஒரு நெட்வொர்க் முகத்தில் வருவதையும் போவதையும் இது வரி வரியாக எழுதிக் காட்டும். எல்எக்ஸ்சி கன்டெய்னர் ஒன்றின் முகவரி 10.0.3.15 என்றும், அது சேர்ந்திருக்கும் பிரிட்ஜின் முகவரி 10.0.3.1 என்றும் கொள்க. கன்டெய்னரின் உள்ளே பிங்கை ஓடவிட்டுவிட்டு, சர்வரில் பிரிட்ஜின்மேல் டிசிபிடம்ப்பை வைத்தால், நொடிக்கு ஒரு வரியாக 10.0.3.15 வெளியே கேட்பது தெரிகிறது. பதில் வரி ஒன்றும் இல்லை. இப்போது அதே கருவியைக் கம்பி பொருந்திய முகத்தின்மேல் வைக்க வேண்டும். அங்கு ஒரு வரியும் தோன்றவில்லையானால் பாக்கெட் சர்வரின் வயிற்றுக்குள்ளேயே நின்றது, ஃபார்வர்டிங்கோ ஃபயர்வாலோ அதைப் பிடித்துக்கொண்டது. அனுப்புநர் முகவரி இன்னும் 10.0.3.15 என்றே இருக்கக் கண்டால், முகவரி மாற்றும் விதி இல்லை. அந்தக் கேள்வி உலகத்தை அடைந்தாலும் பதில் எங்கே போவது என்று எவருக்கும் தெரியாது. சர்வரின் முகவரியோடு சரியாக வெளியேறியும் பதில் வரவில்லையானால் சர்வர் குற்றமற்றது, கம்பியைப் பார்க்க வேண்டும். பதில் கம்பி முகத்துக்கு வந்தும் பிரிட்ஜை எட்டவில்லையானால், திரும்பும் வழியில் ஏதோ ஒன்று அதை விழுங்குகிறது. உள்ளே வரும் பாக்கெட்டை இக்கருவி ஃபயர்வாலுக்கு முன்பும், வெளியே போவதை ஃபயர்வாலுக்குப் பின்பும் பார்க்கிறது என்ற சிறு உண்மையை மறந்தால் மேற்சொன்ன முடிவுகள் தலைகீழாகிவிடும். ஓர் ஆணையையும் மாற்றாமல், ஒரு விதியையும் தொடாமல், இரண்டு இடங்களில் பார்த்ததிலேயே நான்கு வகைக் கோளாறுகள் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. பொறியியல் கல்லூரிகளில் இந்த ஒரு பயிற்சியை ஒரு பிற்பகல் முழுக்கச் செய்யவைத்தால் போதும், நெட்வொர்க்கைப் பற்றி மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஏழடுக்கு மாதிரிக்கு உயிர் வந்துவிடும்.

அந்த நான்கில் கடைசி வகைக்கு, அதாவது பதில் திரும்பும் வழியில் விழுங்கப்படுவதற்கு, மலைப்பகுதியில் ஒரு தனிக் காரணம் உண்டு. ஒளியிழை அறுந்தால் இருக்கட்டும் என்று கைப்பேசி வழி இணைப்பு ஒன்றையும் சர்வரில் செருகி வைப்பது அங்கு இயல்பு. ஒரு பாக்கெட் எந்த முகத்தின் வழியாக வந்ததோ, அதன் அனுப்புநருக்குப் பதில் அனுப்பவும் அதே முகத்தைத்தான் பயன்படுத்துவோமா என்று லினக்ஸ் சரிபார்க்கும் ஒரு காவல் உண்டு. பொய் முகவரியில் வரும் தாக்குதல்களைத் தடுப்பதற்காக அது வைக்கப்பட்டது. இரண்டு இணைப்புகள் இருக்கும் சர்வரில் நேர்மையான பாக்கெட்டே இந்தக் காவலில் சிக்கி, பதிவேட்டில் ஒரு வரியும் எழுதப்படாமல் மறைந்துபோகும். பதிவு செய்யும்படி தனியாகக் கேட்டால்தான் கர்னல் வாய் திறக்கும்.

மின்வெட்டுக்குப் பிறகு தோன்றும் கோளாறு இன்னும் நுட்பமானது. ஆணை கொடுத்து இயக்கிய ஃபார்வர்டிங்கும் கையால் சேர்த்த ஃபயர்வால் விதிகளும் கணினியின் நினைவகத்தில் மட்டுமே இருப்பவை. அமைப்புக் கோப்பில் எழுதப்படாவிட்டால் மின்சாரத்தோடு அவையும் போய்விடும். இது பலரும் அறிந்தது. அறியாத ஒன்று இருக்கிறது. 2017 ஜனவரியில் வெளிவந்த டாக்கர் 1.13 பதிப்பிலிருந்து, டாக்கர் தானே ஃபார்வர்டிங்கை இயக்கிவைக்க நேர்ந்தால், கூடவே ஃபார்வர்டிங் வழியின் இயல்பு விதியை ‘தடு’ என்று மாற்றிவிடுகிறது. ஃபார்வர்டிங் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தால் அவ்விதியைத் தொடுவதில்லை. எல்எக்ஸ்சி கன்டெய்னர்கள் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் டாக்கரைப் புதிதாக நிறுவும் நாளில் எல்லாம் ஒழுங்காக நடப்பதும், மாதங்கள் கழித்து ஒரு மழை இரவில் மின்சாரம் போய்த் திரும்பிய பிறகு, டாக்கர் முந்திக்கொண்டு எழுந்துவிட்டால், பழைய கன்டெய்னர்கள் எல்லாம் ஊமையாகிக் கிடப்பதும் இதனால் நிகழக்கூடும். யாரும் எதையும் மாற்றவில்லை என்று பொறுப்பாளர் சொல்வது உண்மையாகவே இருக்கும். மாறியது எழுந்த வரிசைதான். ‘நேற்று வரை ஓடியது’ என்ற சொல்லுக்குக் கணினியுலகில் இருக்கும் மதிப்பு மிகக் குறைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பிங் வெற்றி பெற்றும் இணைப்பு பயன்படாமல் போகும் நிலையை இனிக் காணலாம். ஈத்தர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் பேரளவு 1,500 பைட். வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வரும் ஒளியிழை இணைப்புகளில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பிபிபிஓஇ முறை பரவலாக உள்ளது. அம்முறை தன் பங்குக்கு 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் 1,492 பைட்டே எஞ்சுகிறது. சர்வரே அந்த இணைப்பை ஏற்படுத்தினால், தன் சொந்தத் தொடர்புகளில் எதிர்த்தரப்பிடம் அதற்கேற்பச் சிறிய துண்டுகளாக அனுப்பும்படி முன்கூட்டியே சொல்லிவிடும். கன்டெய்னருக்கு இது தெரியாது. அதன் மெய்நிகர் முகம் 1,500 என்றே நம்புகிறது, அதையே எதிர்த்தரப்பிடமும் தெரிவிக்கிறது. தொலைவில் உள்ள கணினி முழு அளவில் அனுப்பிய பாக்கெட், குறுகலான இணைப்பின் முனையில் வந்து நிற்கிறது. ‘பெரிதாக உள்ளது, குறைத்து அனுப்பு’ என்ற செய்தி அனுப்பியவருக்குத் திரும்பிப் போக வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் அச்செய்தியையும் வழியில் எவரேனும் தடுத்திருந்தால், அனுப்பியவர் அதே பெரிய பாக்கெட்டை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருப்பார். இதன் விளைவு விந்தையானது. சர்வரில் எல்லா வலைப்பக்கமும் திறக்கும். கன்டெய்னரிலும் பிங் ஓடும், பெயர்கள் முகவரிகளாக மாறும், தொடர்பு தொடங்கும், சிறு பக்கங்கள்கூட வரும். பெரிய கோப்பு ஒன்றைக் கேட்டதும் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். துண்டாக்கக் கூடாது என்ற குறிப்போடு 1,472 பைட் உள்ளடக்கம் கொண்ட பிங்கை அனுப்பிப் பார்த்தால் குட்டு வெளிப்படும், ஏனெனில் தலைப்புகளின் 28 பைட்டும் சேர்ந்து அது சரியாக 1,500 ஆகிறது. 1,464 போகும், 1,472 போகாது. கடந்து செல்லும் தொடர்புகளில் துண்டின் அளவை வழிக்கேற்பக் குறைத்தெழுதும் ஒரு ஃபயர்வால் விதியைச் சேர்த்தாலே இது தீர்ந்துவிடும். அந்த ஒரு வரியை அறியாமல், கம்பியைப் பழித்தும் கருவிகளை மாற்றியும் நாட்களைச் செலவிட நேரும்.

முகவரி மோதலையும் பெயர்த்தேடலையும் சுருக்கமாகச் சொன்னால் போதும். டாக்கர் தன் பிரிட்ஜுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 172.17 என்ற வரிசையையே ஒரு வளாகத்தின் உள்வலையும் பயன்படுத்தினால், அவ்வளாகக் கணினிகளுக்கு அனுப்ப வேண்டியதைச் சர்வர் தன் வயிற்றுக்குள்ளேயே தேடும். இணையம் முழுதும் திறந்திருக்க, பக்கத்து அறைக் கணினி மட்டும் எட்டாது. பெயர்களை முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ் சேவைக்கு உபுண்டு போன்ற இயங்குதளங்கள் 127.0.0.53 என்ற முகவரியைக் குறித்து வைக்கின்றன. 127இல் தொடங்கும் முகவரி ஒவ்வொரு பெயர்வெளிக்கும் தன்னையே குறிப்பது. சர்வரின் கோப்பை அப்படியே கன்டெய்னருக்குள் படியெடுத்தால், அங்கு இல்லாத ஒருவரைக் கன்டெய்னர் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கும்.

இவ்வளவு நுட்பங்கள் இருக்க, நடைமுறையில் மிகுதியாகக் கையாளப்படும் தீர்வு எல்லா ஃபயர்வால் விதிகளையும் அழித்துவிட்டு, இயல்பு விதியை ‘அனுமதி’ என்று மாற்றுவதுதான். அல்லது கன்டெய்னருக்கென இருந்த தனி நெட்வொர்க்கை நீக்கி, சர்வரின் நெட்வொர்க்கையே அதற்குக் கொடுத்துவிடுவது. உடனே ஓடும் என்பதால் இது தீர்வுபோலத் தோன்றுகிறது. இது தீர்வன்று. மாணவர்கள் தொடும் பாடச் சூழலும் அவர்களுடைய பெயர், சாதி, வங்கிக் கணக்கு எண் இருக்கும் பதிவுச் சூழலும் ஒரே கணினியில் இருக்கும்போது, அவற்றை ஒன்றையொன்று காணாதபடி வைப்பதற்காகவே இந்தப் பிரிவினை அமைக்கப்பட்டது. டாக்கர் ‘தடு’ என்ற விதியை இட்டதற்கும் காரணம் இருந்தது: அதற்கு முன்பு, அதே வலையில் உள்ள வேறொரு கணினி, வழியைத் தானே எழுதிக்கொண்டு, வெளியிடப்படாத கன்டெய்னர் சேவைகளையும் எட்டிவிட முடிந்தது. விதியை அழித்தவர் இணைப்பை மீட்டுக் கொடுத்ததோடு அந்தப் பழைய ஓட்டையையும் மீட்டுக் கொடுத்தவராகிறார். தேவையான கன்டெய்னருக்கு, தேவையான திசையில், ஒரு விதியைச் சேர்ப்பதற்கு ஆகும் நேரம் அரைமணியைத் தாண்டாது. ஆனால் அதற்கு முன்பு பாக்கெட் நின்ற இடம் தெரிந்திருக்க வேண்டும். இணைப்பையும் தனிமையையும் எதிரெதிராக நிறுத்தி ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடுபவர் இரண்டையும் சரியாகப் புரிந்துகொள்ளாதவர்.

தொலைதூரக் குக்கிராமத்திலிருந்து சான்றிதழுக்காகச் செம்மேட்டுக்கு வந்து வரிசையில் நிற்பவருக்கு ‘சர்வர் டவுன்’ என்ற இரண்டு சொற்களே கிடைக்கின்றன. மரம் சாய்ந்து அறுந்த கம்பியும், மின்வெட்டுக்குப் பின் வரிசை மாறி எழுந்த சேவையும், 8 பைட் மிகுதியான பாக்கெட்டும் அந்த இரண்டு சொற்களில் வேறுபாடின்றி அடங்கிவிடுகின்றன. முதலாவதற்கு ஆள் வந்து கம்பம் ஏற வேண்டும். மற்ற இரண்டையும் அங்கேயே, அந்தக் கணினியின் முன்னாலேயே, தெரிந்த ஒருவர் சரிசெய்துவிட முடியும். தெரிந்த அந்த ஒருவர் மலையடிவாரத்திலிருந்து 70 வளைவுகள் ஏறி வர வேண்டியவராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆகவே இத்தகைய சர்வர்களை மலைப்பகுதிகளில் அமைத்துக் கொடுக்கும் துறைகளும் தொண்டு நிறுவனங்களும் இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். எந்தக் கன்டெய்னருக்கு எந்த முகவரி, எந்தப் பிரிட்ஜ், எந்த விதி எதற்காக இடப்பட்டது, எழும்போது எது முதலில் எழ வேண்டும் என்பவற்றைத் தமிழில் இரண்டு பக்கங்களில் எழுதி அந்தக் கணினியின் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். மாற்றம் செய்பவர் நாளிட்டு அதில் எழுத வேண்டும். கொல்லிமலை அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் படிக்கும் மலைப் பிள்ளைகளுக்கு டிசிபிடம்ப்பைக் கையில் கொடுத்து, பாக்கெட் செல்லும் வழியை இடம் இடமாகப் பார்க்கக் கற்றுத்தர வேண்டும். இதற்கு வேண்டிய மென்பொருள்கள் எல்லாம் கட்டற்றவை, விலையில்லாதவை; ஒரு பழைய மடிக்கணினியில் முழுப் பயிற்சியையும் நடத்தலாம்.